அப்பாவின் பொய்க்கால் பிளந்துவிட்டது, மதுரையில் எங்கே போவது? (மிதிவெடிக் காயம்)

முகாம்_பிள்ளை | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். திருவாதவூர் இலங்கை அகதிகள் முகாமில் இருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

அப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2002, சண்டை நின்ற வருடம். இனிப் பயமில்லை என்று பரந்தன் பக்கம் எங்கள் காணியைப் பார்க்கப் போனவர், பனையடியில் ஓலை பொறுக்கும்போது மிதிவெடியில் கால் வைத்துவிட்டார். நான் அடுத்த வருடம்தான் பிறந்தேன். 2006-இல் படகில் வந்து, மண்டபம் முகாம், அப்புறம் இங்கே.

முதல் கால் யாழ்ப்பாணத்தில் போட்டது. இப்போது இருப்பது இங்கே ஒரு இலவச முகாமில் கொடுத்தது, எட்டு வருடம் ஆகிறது. குதிகால் பக்கம் ரப்பர் பிளந்துவிட்டது. அப்பா சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி, பஞ்சர் ஒட்டும் பசை போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அந்தக் காலோடு ஏணி ஏறுகிறார். நான் பார்க்கவே மாட்டேன், திரும்பி நின்றுகொள்வேன்.

ஒரு மாதமாக மிச்சக் கால் நுனியில் ஒரு இடம் சிவந்து, தொட்டால் துள்ளுகிறார். ராத்திரியில் இல்லாத பாதத்தின் பெருவிரல் எரிகிறது என்கிறார். எங்கே காட்டலாம்? கேட்ட இடத்தில் எல்லாம் "சுகர் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். சுகர் இல்லை.

கோரிப்பாளையத்தான் | ஞாயிறு இரவு 10.05

தப்பாக நினைக்க வேண்டாம் தங்கச்சி, மதுரையில் மிதிவெடிக் காயத்தோடு ஒருத்தர் இருப்பார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள், வேறு என்ன சொல்ல.

சிப்பாய்_மகன் | ஞாயிறு இரவு 10.31

கோரிப்பாளையத்தான் அண்ணே, உசிலம்பட்டி, கல்லுப்பட்டிப் பக்கம் வந்து பாருங்கள். பட்டாளத்துக்குப் போன ஊர்கள் இவை. என் அப்பாவே அமைதிப்படையில் போனவர். 1988-இல் வவுனியாவுக்கு வடக்கே ரோட்டோரம் நடந்தவருக்கு இடது கால் போனது.

ஆனால் அப்பாவுக்கு ஒரு வழி இருந்தது. புனேயில் ராணுவத்தின் செயற்கைக் கால் மையம், 1944-இலேயே தொடங்கியது. அங்கே மூன்று மாதம் வைத்து நடக்கப் பழக்கி அனுப்பினார்கள். இன்றைக்கும் கால் தேய்ந்தால் கூப்பிடுவார்கள், முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டமும் இருக்கிறது. ஒரே மாதிரி மண்ணில் ஒரே மாதிரி வெடியில் கால் போன இரண்டு பேர். ஒருத்தருக்குப் புனே, ஒருத்தருக்குப் பஞ்சர் பசை. எங்கள் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அந்தாளை ஏணி ஏறாம இருக்கச் சொல்லு" என்றார்.

கால்தச்சன் | திங்கள் காலை 6.12

நான் செயற்கைக் கால் செய்கிற வேலையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். எந்த இடம் என்று சொல்லவில்லை, விளம்பரம் ஆகிவிடும். காலையில் பட்டறை திறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் பாதம். நீங்கள் சொல்வது ஜெய்ப்பூர் பாதம் மாதிரித்தான் தெரிகிறது: வெளியே தோல் நிறத்தில் ரப்பர், உள்ளே பஞ்சு ரப்பரும் கணுக்கால் பக்கம் மரமும். 1968-இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது. நம்ம ஊர் ஆட்கள் சம்மணம் போடணும், குந்தி உட்காரணும், வரப்பில் வெறுங்காலோடு நடக்கணும் என்று யோசித்துச் செய்த பாதம் அது. வெளிநாட்டு மாடல் பாதம் ஷூவுக்குள் போடுவதற்காகச் செய்தது. குதியைத் தூக்கி வைத்து அளவு எடுத்திருப்பார்கள். ஷூவைக் கழற்றினால் ஆள் பின்னால் சாய்வார். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் ஒருத்தர் அப்படித் தடுமாறி விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிளந்த பாதத்தை மட்டும் மாற்றலாம். போல்ட்டைக் கழற்றி வேறு பாதம் மாட்டுவது அரை மணி நேர வேலை. ஆனால் உங்கள் அப்பாவுக்குப் பிரச்சினை பாதத்தில் இல்லை, மேலே சாக்கெட்டில், அதாவது மிச்சக் காலை நுழைக்கிற கூட்டில்.

முழங்காலுக்குக் கீழே போன ஆளுக்கு எடை ஸ்டம்பின் (மிச்சக் காலின்) நுனியில் நிற்கக் கூடாது. முட்டிச் சில்லுக்குக் கீழே அழுத்தினால் கயிறு மாதிரி ஒரு நார் தட்டுப்படும், அதில்தான் பெரும்பங்கு எடை உட்கார வேண்டும். அதற்காகத்தான் ஸ்டம்பில் பிளாஸ்டர் துணி சுற்றி அச்சு எடுக்கும்போது அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்போம். எட்டு வருடத்தில் சதை வற்றியிருக்கும். சாக்கெட் அப்படியேதான் இருக்கும். கால் உள்ளே இறங்கி இறங்கி, நுனி போய் அடியில் முட்டும். சிவப்பு அதனால் இருக்கலாம்.

ஒரு வேலை செய்யுங்கள். சாக்கெட்டின் அடியில் கோலிக்குண்டு அளவு களிமண் உருட்டிப் போட்டு, அப்பாவைக் காலை மாட்டி ஒரு தடவை நிற்கச் சொல்லுங்கள். மண் அப்பளமாகிவிட்டால் நுனி முட்டுகிறது. கொஞ்சம் அமுங்கியிருந்தால் பயமில்லை. களிமண் உங்கள் ஊர்க் கண்மாயிலேயே கிடைக்கும்.

சிவப்பு இருக்கிற வரைக்கும் அந்தக் காலைப் போட்டு ஏணி ஏறக் கூடாது. கஞ்சி போகும், தெரியும். தோல் உடைந்து புண்ணானால் மூன்று மாதக் கஞ்சி போகும்.

முகாம்_பிள்ளை | திங்கள் மதியம் 1.20

அண்ணா, மண் அப்பளமாகிவிட்டது. அதோடு அப்பா ஸ்டம்புக்கு மேலே மூன்று சாக்ஸ் போட்டிருந்தது இப்போதுதான் தெரிகிறது. ஒன்று என் பள்ளிக்கூடச் சாக்ஸ்.

இன்னொன்று. அப்பா ஏணியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். ஆனால் புல் தரையில் நடக்க மாட்டார். ரோடு, சிமெண்டுத் திண்ணை, இல்லை என்றால் வண்டித் தடம். ஊருணிக்குக் குறுக்கு வழியில் புல் இருக்கிறது என்று சுற்றித்தான் போவார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

பிசியோ_வில்லாபுரம் | திங்கள் மதியம் 2.45

கால்தச்சன் அண்ணன் பாதம், சாக்கெட் சொல்லிவிட்டார். நான் மீதியைச் சொல்கிறேன். ஸ்டம்ப் வைத்தியம் பெரும்பாலும் சுகருக்கும் ரோடு விபத்துக்கும் பழகிப்போனது. வெடிக் கால் வேறு ஜாதி.

மிதிவெடி காலை வெட்டுவதில்லை, கீழேயிருந்து மேலே பிய்த்து எறிகிறது. மண், புல், செருப்புத் துண்டு, எலும்புச் சில்லு எல்லாவற்றையும் தசைக்கு நடுவில் இருக்கிற இடைவெளி வழியாக முழங்கால் வரைக்கும் ஏற்றிவிடும். வெளியே பார்த்தால் பாதம் மட்டும் போன மாதிரி இருக்கும், உள்ளே அதற்கு மேலே ஒரு சாண் அழுக்கு. அதனால்தான் முதல் நாளே தைத்து மூடக் கூடாது. செத்த சதையை எல்லாம் வெட்டிக் கழுவி, திறந்தே வைத்து, நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் மூட வேண்டும். மூடி வைத்தால் உள்ளே அழுகும், ரணஜன்னி வரும், வாயுக் கிருமி பிடித்து ஆளையே கொண்டுபோய்விடும்.

உங்கள் அப்பாவுக்கு எப்படிச் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். வெடிக் காயத்தில் எலும்பு நுனியில் முள் மாதிரி புதிதாக எலும்பு முளைப்பது அடிக்கடி நடக்கும், அது குத்தலாம். நரம்பு நுனி முடிச்சுப் போட்ட மாதிரி தடித்திருக்கலாம். அதைத் தொட்டால்தான் ஆள் துள்ளுவார். பழைய சில்லுகள் இத்தனை வருடம் கழித்தும் மேலே வரும். பிளாஸ்டிக், மரச் சில்லு எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்க வேண்டும். யாராவது எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தால், "உடம்பில் வெடிச் சில்லு இருக்கலாம்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அது காந்தம். இரும்பு உள்ளே இருந்தால் நகரும், கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் கண் போய்விடும். அவர்கள் கேட்காமல் விட்டாலும் சொல்லுங்கள்.

கண்ணையும் காதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கீழேயிருந்து வெடிக்கும்போது மண் முகத்தில்தான் அடிக்கும். கண்ணுக்கு மதுரையில் இருந்துகொண்டு நாம் கவலைப்படவே கூடாது. அரவிந்த் இருக்கிறது. 1976-இல் பதினோரு படுக்கையோடு அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கே மூட்டு வாதத்தில் விரல்கள் வளைந்துபோய்தான் இருந்தன. அந்த விரல்களால் ஆபரேஷன் செய்தார். மறுவாழ்வைப் பற்றி யாராவது என்னிடம் பெரிதாகப் பேசினால் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

முகாம்_பிள்ளை | திங்கள் இரவு 8.15

அக்கா, அப்பாவிடம் கேட்டேன். உடனே சொல்லிவிட்டார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம், தொடையில் சாரத்தை (லுங்கியை) கிழித்துக் கட்டி. ஆஸ்பத்திரியில் வெட்டிவிட்டுத் தைக்காமல் துணி வைத்துக் கட்டி ஐந்து நாள் போட்டிருந்தார்களாம். "நூல் இல்லாமல் போச்சு எண்டு நினைச்சன், சண்டைக்கால ஆஸ்பத்திரி தானே" என்று இருபத்துச் சொச்சம் வருடம் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "அப்ப அந்த மனுசன் என்னைக் காப்பாத்தியிருக்கிறார்" என்றார்.

கோரிப்பாளையத்தான் | திங்கள் இரவு 8.50

இதைப் படித்துவிட்டு ஒரு டீ குடிக்க வெளியே போய்விட்டு வந்தேன். நேற்று எழுதியதற்கு மன்னிக்கணும் தங்கச்சி.

சரி, பணத்துக்கு என்ன வழி? மத்திய அரசு இலவசமாகக் கால் கொடுக்கிறதே, கான்பூர் கம்பெனி?

கால்தச்சன் | திங்கள் இரவு 9.30

அலிம்கோ. 1972-இலிருந்து இருக்கிறது. உதவி உபகரணத் திட்டத்தில் அவர்கள் முகாம் போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் அந்தத் திட்டத்தின் முதல் நிபந்தனையே இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது. இந்தப் பிள்ளையின் அப்பா அங்கேயே நின்றுவிடுவார். வரிசையில் நான்கு மணி நேரம் நின்ற பிறகு இது தெரியவருவதைவிட இங்கேயே தெரிந்துகொள்ளட்டும்.

மாநிலத்தில் வழி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு இல்லாமலே இடம் உண்டு. எலும்பு முள்ளை வெட்ட ஆபரேஷன் தேவைப்பட்டால் அதைப் பிடிக்க வேண்டும். பெரியாஸ்பத்திரியில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறை என்று கேளுங்கள். எலும்புப் பிரிவு வரிசையில் போய் நிற்காதீர்கள், சுற்றி அனுப்புவார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒரு மனுவும் போட்டு வையுங்கள், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது.

மேலூர்_கல் | செவ்வாய் காலை 7.02

இந்த இலவச முகாம்களைப் பற்றி நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எனக்கு வெடி இல்லை, கல். குவாரியில் கல் உருண்டு முழங்காலுக்கு மேலே போனது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் முகாம். காலையில் அளவு, சாயங்காலம் கால், நடுவில் சாம்பார் சாதம், கடைசியில் மேடையில் ஏற்றி ஃபோட்டோ. ஃபோட்டோவில் நான் நிற்கிறேன். மறுநாள் நடக்க முடியவில்லை, தொடை இடுக்கில் தோல் உரிந்துவிட்டது. யாரைக் கூப்பிடுவது? பேனரில் இருந்த நம்பர் எடுக்கவே இல்லை. அந்தக் கால் இப்போது வீட்டுப் பரணில் இருக்கிறது. நான் கம்பு ஊன்றித்தான் நடக்கிறேன்.

என்னைக் கேட்டால் கால் கொடுக்கிறேன் என்று யார் வந்தாலும், "உடைந்தால் எங்கே வருவது?" என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் சாம்பார் சாதத்தோடு திரும்பிவிடுங்கள்.

கால்தச்சன் | செவ்வாய் காலை 7.40

மேலூர் அண்ணே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒரே நாளில் கால் கொடுப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். 1975-இலிருந்து ஜெய்ப்பூரில் பகவான் மகாவீர் சமிதி அப்படித்தான் கொடுத்துவருகிறது. கூலிக்காரன் பத்து நாள் லாட்ஜ் போட்டுத் தங்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு அது. தண்ணீர்க் குழாய் செய்கிற ஹெச்டிபிஇ பைப்பைச் சூடாக்கி அச்சின் மேலே இழுத்துப் போடுவார்கள். சீக்கிரம் ஆகும், மலிவு, லேசு. ஸ்டம்ப் பழசாகி, அளவு நின்றுபோன முழங்காலுக்குக் கீழான ஆளுக்கு அது போதும், நன்றாக நடப்பார். தொடையோடு போனவருக்கு ஒரு நாள் போதாது. முட்டி மடங்கும் மூட்டு, இடுப்புப் பட்டை, நடைப் பயிற்சி எல்லாம் வாரக்கணக்கில் பார்க்க வேண்டியது. உங்களுக்கு அங்கேதான் தப்பு நடந்திருக்கிறது.

பரணில் இருக்கிற காலைக் கொண்டுவாருங்கள். மூட்டு நன்றாக இருந்தால் சாக்கெட் மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

மட்டுறுத்துநர் | செவ்வாய் காலை 8.00

மேலே ஒருவர் போட்ட தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டேன். தனிச்செய்தியில் பரிமாறிக்கொள்ளுங்கள்.

வடமராட்சிக்காரன் | செவ்வாய் மாலை 5.25

இந்த இழையை ஒருவர் அனுப்பி வைத்தார். தங்கச்சி, அப்பா முதல் கால் போட்டது யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனமாகத்தான் இருக்க வேணும். 1987-இல் துவங்கினது, இப்பவும் நடக்குது. அங்கே வேலை செய்யிற ஆக்களிலும் பொய்க்கால் போட்டவை இருக்கினம். அளவெடுக்கிறவருக்கே கால் இல்லையெண்டால் நோயாளி பொய் சொல்ல ஏலாது.

ஒரு விசயம் கவனிச்சன். நீங்கள் எல்லாரும் செயற்கைக் கால் எண்டுறியள், பிள்ளை மட்டும் பொய்க்கால் எண்டு எழுதியிருக்கு. எங்கட ஊரில அதுதான் சாதாரணச் சொல். உங்கட பக்கம் பொய்க்கால் எண்டால் குதிரை ஆட்டம் எண்டு நினைப்பியள்.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள்ள எல்லாத்தையும் எடுத்து முடிக்க வேணும். முகமாலைப் பக்கம் பெண்கள் முழங்காலில இருந்து ஒவ்வொரு சாணாகக் கிண்டி எடுக்கினம். அப்பாவின்ட காணி பரந்தன் எண்டால் இப்ப அங்கே வயல் செய்யினம்.

சிப்பாய்_மகன் | செவ்வாய் இரவு 9.10

அந்த ஒப்பந்தத்தில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் பிழைப்புக்கு வழியும் தர வேண்டும் என்று ஒரு பிரிவே இருக்கிறதே? 1997-இல் ஒட்டாவாவில் கையெழுத்தானது. அந்த வருட நோபல் அமைதிப் பரிசும் கண்ணிவெடித் தடை இயக்கத்துக்குத்தான். அதை வைத்து இந்தப் பிள்ளை யாரிடமாவது கேட்க முடியாதா?

வடமராட்சிக்காரன் | செவ்வாய் இரவு 10.02

ஆறாவது பிரிவு. எழுத்தில நல்லாத்தான் இருக்கு. வெடி இருந்த நாடு கையெழுத்துப் போட்டிட்டுது, ஆனால் ஆள் அங்கே இல்லை. ஆள் இருக்கிற நாடு இந்தியா, அது கையெழுத்துப் போடேல்லை. ரெண்டு வீட்டுக்கும் நடுவில வேலியில நிக்கிற மாதிரி.

அதனாலதான் இவ்வளவு நேரமும் நீங்கள் கதைச்சது எனக்குப் பிடிச்சது. ஒப்பந்தம் வரும்வரைக்கும் ஆர் களிமண் உருட்டிறது?

பிசியோ_வில்லாபுரம் | புதன் காலை 6.30

பெருவிரல் எரிவதை விட்டுவிட்டேன். இல்லாத கால் வலிப்பது பைத்தியம் இல்லை, நடிப்பும் இல்லை. மூளையில் அந்தப் பாதத்துக்கான இடம் அப்படியே இருக்கிறது. செய்தி வராததால் அதுவாகக் கத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கண்ணாடி வைத்தியம் கண்டுபிடித்தவர் நம்ம ஆள்தான், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன்.

ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை இரண்டு காலுக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக வையுங்கள், முகம் நல்ல கால் பக்கம். கண்ணாடிக்குள் பார்த்தால் இடது காலின் பிம்பம் வலது கால் இருக்கிற மாதிரி தெரியும். விரலை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள், பார்வை கண்ணாடியிலேயே இருக்கணும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், மூன்று நாலு வாரம். எல்லாருக்கும் கேட்காது, சிலருக்கு நன்றாகக் கேட்கும். செலவு கண்ணாடி மட்டும்தான். முதல் நாள் அழுதுவிடுவார்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். கேட்காவிட்டால் மாத்திரை இருக்கிறது, டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும், மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பாரா? அதை இன்றே பிடுங்கிவிடுங்கள். சுகமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும், அப்புறம் எந்தக் காலும் மாட்ட முடியாது. தினமும் இருபது நிமிடம் குப்புறப் படுக்கட்டும்.

புல் விஷயம். அதை அவசரப்படுத்த வேண்டாம். நடக்கச் சொல்லி யாரும் கேலி செய்யாதீர்கள், பேரன் பேத்தி உட்பட. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவிலும் ஒரு சீட்டுப் போடுங்கள். "தூக்கம் வரலை" என்று சொன்னால் போதும், அங்கிருந்து அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

முகாம்_பிள்ளை | புதன் இரவு 9.55

தலையணை வைத்துத்தான் படுக்கிறார் அக்கா. எடுத்தேன், திட்டினார்.

நாளைக்கு முகாமில் செக்கிங் நாள், வீட்டில் எல்லாரும் இருக்க வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமைதான் போகிறோம். பேருந்தில் மாட்டுத்தாவணி, அங்கிருந்து இன்னொரு பேருந்து. காலைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கம்போடு வரச் சொல்லியிருக்கிறேன். "காலைப் பையில கொண்டுபோனா கண்டக்டர் லக்கேஜ் போடுவான்" என்கிறார்.

(பேரன் பேத்தி இன்னும் இல்லை அக்கா, எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.)

பிசியோ_வில்லாபுரம் | புதன் இரவு 10.10

ஐயோ, மன்னிச்சுக்கோ கண்ணு.

முகாம்_பிள்ளை | 18 நாட்கள் கழித்து, ஞாயிறு மாலை 6.48

எல்லாருக்கும் வணக்கம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு நுனியில் முள் இருந்தது, சின்னது. டாக்டர் விரலை வைத்து அளந்து, "இதை இப்போது வெட்ட வேண்டாம், சாக்கெட் மாறினால் சரியாகலாம், ஆறு மாதம் பார்ப்போம்" என்றார். இன்னும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இரும்பு. அப்பா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "காணியில கொஞ்சத்தைக் கொண்டு வந்திட்டன்" என்றார்.

கால்தச்சன் அண்ணாவிடம்தான் அச்சு எடுத்தோம். இடம் எங்கே என்று சொல்லக் கூடாது என்றிருக்கிறார், சொல்லவில்லை. ஸ்டம்பில் கோடு கோடாக மைப் பென்சிலால் வரைந்து, பிளாஸ்டர் சுற்றி, முட்டிக்குக் கீழே இரண்டு கட்டைவிரலையும் வைத்து அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அது இறுகும் வரைக்கும் இரண்டு பேரும் கிரிக்கெட் பேசினார்கள். கழற்றியபோது உள்ளே கோடு எல்லாம் பதிந்திருந்தது.

புதுக் கால் மாட்டி எட்டு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரம்தான். கழற்றிச் சிவப்பு பார்க்க வேண்டும், பத்து நிமிடத்தில் மறைந்தால் சரி, மறையாவிட்டால் ஃபோன் பண்ண வேண்டும். முட்டிக்குக் கீழே சிவக்கிறது, மறைந்துவிடுகிறது. நுனியில் ஒன்றும் இல்லை. சாக்ஸ் இப்போது ஒன்றுதான், பருத்தி.

கண்ணாடி வைத்தியம் பதினொரு நாள் ஆகிறது. முதல் நாள் அப்பா அழவில்லை, அம்மாதான் அழுதார். விரல் எரிச்சல் தினமும் வந்தது, இப்போது விட்டுவிட்டு வருகிறது.

மேஸ்திரியிடம் பேசி, தரையில் நின்று செய்கிற வேலையாக, கதவு, கிரில் பெயிண்ட் மட்டும் வாங்கியிருக்கிறோம். கூலி குறைவு. அப்பா முணுமுணுக்கிறார்.

சிப்பாய்_மகன் அண்ணா, உங்கள் அப்பா கேட்டதாகச் சொன்னீர்களே, ஏணி ஏறவில்லை என்று சொல்லுங்கள். அப்பா அவரோடு பேச வேண்டும் என்கிறார். எந்த ரோட்டில் நடந்தார் என்று கேட்க வேண்டுமாம்.

சிப்பாய்_மகன் | ஞாயிறு இரவு 7.30

சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு நானே பைக்கில் அழைத்துக்கொண்டு வருகிறேன். அவருக்கும் புல்லில் நடக்கப் பிடிக்காது என்பதை இத்தனை வருடம் நான் கவனித்ததே இல்லை.

மேலூர்_கல் | ஞாயிறு இரவு 8.15

பரணில் இருந்து காலை இறக்கிவிட்டேன். எலி பட்டையைத் தின்றிருக்கிறது. மூட்டு நன்றாகத்தான் மடங்குகிறது. கால்தச்சன் தம்பி, செவ்வாய்க்கிழமை வரலாமா?

கால்தச்சன் | ஞாயிறு இரவு 8.40

வாங்கண்ணே. பத்து மணிக்கு மேல வாங்க, அதற்கு முன்னால் அடுப்பு சூடாகாது. பட்டை நான் வைத்திருக்கிறேன். தளர்ந்த டவுசர் ஒன்று கொண்டுவாருங்கள், எல்லாரும் மறந்துவிட்டுத்தான் வருகிறார்கள்.